பட்டியலில் இல்லாத மூஞ்சூறு

2012ஆம் ஆண்டு, நார்கொண்டம் தீவில் ரேடார் நிலையம் அமைக்கக் கடலோரக் காவல்படை முன்வைத்த திட்டத்துக்கு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் இசைவு மறுத்தது. உலகில் வேறெங்கும் காணப்படாத நார்கொண்டம் இருவாச்சிப் பறவையின் ஒரே வாழிடம் அத்தீவு என்பதே காரணம். 2014இல் ஆட்சி மாறியது, இசைவும் கிடைத்தது. அவ்விரு ஆண்டுகளில் நாளேடுகளிலும் அலுவலகக் கோப்புகளிலும் நடந்த வாதம் முழுவதும் இருவாச்சிக்கும் நாட்டுப் பாதுகாப்புக்கும் இடைப்பட்டதாகவே இருந்தது. ஏறத்தாழ ஏழு சதுர கிலோமீட்டரே பரப்புள்ள அத்தீவின் சருகுகளுக்கு அடியில் இன்னோர் உயிரினமும் வாழ்ந்துவந்தது. அதைப் பற்றி எவரும் பேசவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எந்தப் பட்டியலிலும் இல்லை. 2021இல்தான் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அதற்குக் குரோசிடுரா நார்கொண்டாமிகா என்று பெயர் சூட்டினர். அது ஒரு மூஞ்சூறு.

இந்தக் காலவரிசையை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரு தீவின் எதிர்காலம் இருமுறை தீர்மானிக்கப்பட்டது. அத்தீவில் மட்டுமே அறியப்பட்ட ஒரு பாலூட்டி அவ்விரு முறையும் கணக்கில் வரவில்லை. எவரும் மறைத்ததால் நேர்ந்ததன்று இது. தேடாததால் நேர்ந்தது. இந்தியாவில் திட்டங்களுக்கு இசைவு வழங்கும் முறையின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது: பதிவில் இல்லாத உயிர், நிலத்திலும் இல்லாததாகவே கொள்ளப்படுகிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மூஞ்சூறுகளைப் பொறுத்தவரை இந்தக் குறை ஒரு முழு இனத்தையே விலையாகக் கேட்கக்கூடும்.

மூஞ்சூறு தமிழருக்குப் புதியதன்று. பிள்ளையாரின் காலடியில் அமர்ந்திருப்பது. இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டபடி ஓடுவது. தான் போக வழியில்லாதபோதும் விளக்குமாற்றைக் கவ்விக்கொண்டதாகப் பழமொழியில் ஏளனத்துக்கு உள்ளாவது. ஆயினும் அது எலி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எலி கொறிக்கும் விலங்கு. மூஞ்சூறு பூச்சியும் புழுவும் தின்னும் விலங்கு. உயிரியல் வகைப்பாட்டில் அதன் உறவினர்கள் முள்ளெலிகளும், மண்ணைக் குடைந்து வாழும் அகழெலிகளும் ஆகும். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் வாழும் முள்ளெலி அவ்வுறவில் ஒன்று. அகழெலிகள் இந்தியாவில் இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் மட்டுமே உள்ளன.

மூஞ்சூற்றுக்கும் அகழெலிக்கும் இடைப்பட்ட தோற்றத்தில் ஒரு கூட்டம் உண்டு. அதை மூஞ்சூற்று அகழெலி என்று அழைக்கலாம். அகழெலிக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அகழெலியின் மண்வெட்டி போன்ற அகன்ற முன்கைகள் இதற்கு முழுமையாக அமையவில்லை. உருவும் நீண்ட மூக்கும் மூஞ்சூற்றையே நினைவூட்டும். ஜப்பானில் இரண்டு இனங்கள் உள்ளன. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் ஒன்று வாழ்கிறது. அதன் எடை பத்துக் கிராம் அளவே. சீனாவின் தென்மேற்கு மலைகளிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் வேறு சில இனங்கள் உள்ளன. பசிபிக் பெருங்கடலின் இரு கரைகளில் ஒன்றையொன்று அறியாமல் வாழும் இவை எப்படி உறவினராயின? விடை புதைபடிவங்களில் கிடைத்தது. உள் மங்கோலியாவின் எர்டெம்டே என்னுமிடத்தில் கிடைத்த எச்சங்களைக் கொண்டு 1983இல் குயான்யா என்ற அழிந்துபோன பேரினம் விவரிக்கப்பட்டது. போலந்து நாட்டின் படிவுகளிலும் இக்கூட்டத்தின் எச்சங்கள் கிடைத்துள்ளன. இன்று ஐரோப்பாவில் ஒன்றுகூட இல்லாத ஒரு கூட்டம், ஒரு காலத்தில் அங்கும் பரவியிருந்தது என்பது அவ்வாறே தெரியவந்தது.

இந்த வரலாறு முழுவதற்கும் சான்றாக நிற்பவை கடுகளவுப் பற்களும் விரல்நுனியில் அடங்கும் மேற்கை எலும்புகளும் மட்டுமே. மண்ணை நீரில் கரைத்து, நுண்ணிய சல்லடையில் அலசி, எஞ்சிய பருக்கைகளை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் பொறுமையால் அவை கிடைத்தன. அந்தப் பொறுமை இந்தியாவுக்கு அயலானதன்று. இன்றைய தெலங்கானாவிலுள்ள நாஸ்கல் என்னும் ஊரில், தக்காண எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட படிவை இவ்வாறே அலசி, டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த சிறு பாலூட்டிகளின் பற்களைப் பிரசாத், அசோக் சாஹ்னி ஆகியோர் கண்டெடுத்தனர். இந்தியாவின் முதல் கிரெட்டேசியக் காலப் பாலூட்டி என்று 1988இல் நேச்சர் இதழ் அதை வெளியிட்டது. அறுபத்தாறு மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட பல்லைத் தேடிக் கண்டெடுக்கத் தெரிந்த நாடு, இன்று உயிரோடிருக்கும் மூஞ்சூற்றைத் தேட மறந்திருப்பதுதான் வியப்பு.

அந்தமான் நிக்கோபாரில் இதுவரை பெயர் பெற்றுள்ள குரோசிடுரா மூஞ்சூறுகள் ஐந்து. அவற்றின் ஆவணம் மெலிந்தது. 1901இல் அமெரிக்கரான வில்லியம் லூயிஸ் அபட், போடன் குளோஸ் என்னும் ஆங்கிலேயருடன் தன் பாய்க்கப்பலில் இத்தீவுகளைச் சுற்றி விலங்குகளைச் சேகரித்தார். அச்சேகரிப்பு வாஷிங்டன் அருங்காட்சியகம் சென்றது. அதிலிருந்து அந்தமான் மூஞ்சூற்றையும் நிக்கோபார் மூஞ்சூற்றையும் 1902இல் கெரிட் மில்லர் விவரித்தார். 1913இல் லண்டனில் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் அந்தமான் முள்மயிர் மூஞ்சூற்றை விவரித்தார். அதன்பின் அறுபத்தைந்து ஆண்டுகள் கடந்து, 1978இல், தெற்கு அந்தமானின் ரைட்மயோவில் பிடிபட்ட மாதிரியைக் கொண்டு ஜென்கின்ஸ் மூஞ்சூறு பெயர் பெற்றது. ஐந்தாவதுக்கு மேலும் நாற்பத்து மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் ஐந்து பெயர்கள். அவற்றின் வாழ்க்கை பற்றி, எத்தனை உள்ளன, எந்தக் காட்டில் உள்ளன, எப்போது ஈனுகின்றன என்பது பற்றி, சில பக்கங்களுக்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அந்தமான் மூஞ்சூறு, ஜென்கின்ஸ் மூஞ்சூறு, நிக்கோபார் மூஞ்சூறு ஆகிய மூன்றும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் மிக அருகிய இனங்களாக இடம்பெற்றவை. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இம்மூன்று பெயர்களையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். தேர்வுக்கூடத்தில் இவ்வளவு இடம்பெற்ற விலங்கு களஆய்வில் இவ்வளவு புறக்கணிக்கப்பட்டிருப்பது இந்நாட்டின் இயற்கைக் கல்வி எந்த நிலையில் உள்ளது என்பதைக் காட்டும்.

இவை வெறும் பெயர்கள் என்று கருதுவோர் நார்கொண்டத்தின் சான்றை நோக்கலாம். அது கடலடியிலிருந்து எரிமலை கக்கி எழுப்பிய தீவு. பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்தபோது இன்றைய அந்தமான் தீவுகள் பல ஒரே நிலமாயின. ஆனால் ஆழ்கடல் சூழ்ந்த நார்கொண்டத்துக்கு எந்த நிலப்பாலமும் அமைந்ததில்லை. எனவே மூஞ்சூற்றின் முன்னோர் எவ்வகையிலேனும் கடலைக் கடந்தே வந்திருக்க வேண்டும். வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரமும் வேர்ப்பிடிப்பும் அவற்றின் தோணியாயிருக்கலாம். இழைமணி மரபணு ஒன்றைக் கொண்டு ஒப்பிட்டபோது, இந்தியப் பெருநிலம், அந்தமான் நிக்கோபார், மியான்மர், சுமத்ரா ஆகிய இடங்களின் குரோசிடுரா இனங்களிலிருந்து இது 12 முதல் 16 விழுக்காடு வரை வேறுபட்டது. மனிதர் கப்பலில் நேற்று ஏறிவந்த விலங்கிடம் இத்தகைய இடைவெளி இருக்காது. சில மணி நேரம் உணவின்றி இருந்தாலே மடியக்கூடிய ஓர் உயிர் கடலைக் கடந்து, ஓர் எரிமலையின் சரிவில் தன் குலத்தை நிலைநிறுத்தியது. அக்கதையின் எஞ்சிய ஒரே ஏடு அந்த மூஞ்சூற்றின் உடல்தான்.

அந்த ஏடு கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று கரீபியன் தீவுகளில் வாழ்ந்த நெசோஃபோண்டிஸ். மூஞ்சூறு போன்ற அவ்விலங்கை உயிரோடு கண்ட எந்த அறிவியலாளரும் இல்லை; 1916இல் அதற்குப் பெயர் கிடைத்ததே எலும்புகளிலிருந்துதான். அவ்வெலும்புகளில் பெரும்பகுதி குகைகளில் கூகைகள் கக்கிய உருண்டைகளிலிருந்து வந்தவை. அப்படிக் கிடைத்த மண்டையோடு ஒன்றிலிருந்து எடுத்த தொன்மரபணுவைக் கொண்டு, அக்குடும்பம் தன் நெருங்கிய உறவினரிடமிருந்து நாற்பது மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தது என்று 2016இல் அறியப்பட்டது. ஐரோப்பியக் கப்பல்களில் கரிய எலி வந்திறங்கிய காலத்தை ஒட்டி, அந்த முழுக் குடும்பமும் மறைந்தது. அப்படியொரு விலங்கு இருந்ததை உலகம் அறியக் காரணம், கூகைகளின் கக்கலைப் பொறுக்கி ஆராய்ந்த சிலர்.

மற்றொன்று இந்தியப் பெருங்கடலிலேயே நடந்தது. ஜாவாவுக்குத் தெற்கேயுள்ள கிறிஸ்துமஸ் தீவில், அந்தமான் மூஞ்சூறுகளின் அதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு மூஞ்சூறு வாழ்ந்தது. பாஸ்பேட் சுரங்கப் பணிக்காகக் கப்பல்கள் வரத் தொடங்கின. அவற்றோடு கரிய எலியும் அதன் நோயும் வந்தன. தீவுக்கே உரிய இரு எலி இனங்கள் சில ஆண்டுகளில் மறைந்தன. 1908இல் மூஞ்சூறும் அழிந்ததாகவே கருதப்பட்டது. ஆனால் அரை நூற்றாண்டு கழித்து 1958இல், சுரங்கத்துக்காகக் காட்டை அழித்துக்கொண்டிருந்தபோது அது மீண்டும் கண்ணில் பட்டது. 1985ஐ ஒட்டி இரண்டு உயிருடன் பிடிபட்டன. அதற்குப்பின் ஒன்றும் இல்லை. 2025 அக்டோபரில் அது அழிந்த இனமாக அறிவிக்கப்பட்டது. அழிந்தது என்று ஒருமுறை எழுதியபின் தேட வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. இல்லை என்று கருதப்பட்ட எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது இருந்துகொண்டேயிருந்தது. அந்த ஆண்டுகளில் காப்பாற்ற வாய்ப்பிருந்தது.

இப்போது பெரிய நிக்கோபாரை நோக்க வேண்டும். நிக்கோபார் மூஞ்சூறு விவரிக்கப்பட்டது அத்தீவிலிருந்துதான். 2004 ஆழிப்பேரலையின்போது இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரையோரக் காடுகள் கடலுக்குள் போயின. எஞ்சிய காட்டில் 130.75 சதுர கிலோமீட்டரை வேறு பயன்பாட்டுக்குத் திருப்பும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் இசைவு வழங்கப்பட்டது. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவை அதன் கூறுகள். 9.64 லட்சம் மரங்கள் வரை வெட்டப்படலாம் என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இழந்த காட்டுக்கு ஈடாக மரம் வளர்க்க ஹரியானா முன்மொழியப்பட்டது. ஹரியானாவில் எத்தனை மரம் நட்டாலும் அங்கே ஒரு நிக்கோபார் மூஞ்சூறு பிறக்காது.

அத்திட்டத்தைப் பற்றிய வாதங்களில் ஏழுவரி ஆமை பேசப்படுகிறது. மண்மேடு கட்டி முட்டையிடும் மெகாபோடுப் பறவை பேசப்படுகிறது. அவை பேசப்பட வேண்டியவையே. ஷோம்பென் மக்களின் நிலமும் நிக்கோபாரியரின் உரிமையும் அவற்றினும் முன்னே பேசப்பட வேண்டியவை. ஆனால் நார்கொண்டத்தில் இருவாச்சி பேசப்பட்டு மூஞ்சூறு விடுபட்ட அதே நிலை இங்கும் நேர்கிறது. கண்ணுக்குத் தெரியும் பெரிய உயிருக்குப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. சருகடியில் வாழும் சிறிய உயிருக்குப் பட்டியலில் ஒரு வரி உண்டு. இங்கே நிலை இன்னும் கடுமையானது. நார்கொண்டத்தில் மூஞ்சூறு இருப்பது தெரியாமல் முடிவெடுத்தார்கள். பெரிய நிக்கோபாரில் அது இருப்பது 1902 முதல் தெரியும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் இரண்டு. முதலாவது, ஒரு மூஞ்சூற்றுக்காக நாட்டின் துறைமுகத்தை நிறுத்துவதா என்பது. இக்கேள்வி ஒன்றைத் தாண்டிச் செல்கிறது. நிறுத்துவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு முன் எண்ண வேண்டும். மூஞ்சூறு தீவெங்கும் பரவியிருந்தால் திட்டத்துக்கும் அதற்கும் மோதல் குறைவு. வெட்டப்படும் பகுதியில் மட்டுமே அது எஞ்சியிருந்தால், அதை அறிந்தபின் வெட்டுவது அறியாமையின் பிழையாகாது. ஓர் இனத்தை அழிக்கும் முடிவாகும். அப்போது வரைபடத்தின் எல்லைதான் விலக வேண்டும். துறைமுகத்தையும் நகரியத்தையும் நகர்த்த இடமுண்டு. அந்த மூஞ்சூறு இயற்கையாக வாழும் வேறொரு தீவு அறியப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு களத்தை அறிந்தவர்களிடமிருந்து வருவது: மூஞ்சூற்றைக் கணக்கெடுப்பது கடினம், பிடித்தால் செத்துவிடும் என்பது. இதில் உண்மை உண்டு. எலிக்கூண்டில் மூஞ்சூறு எளிதில் சிக்காது. அதன் எடை பொறியின் விசையை இயக்கப் போதாது. ஆனால் வழி இருக்கிறது. வாளி ஒன்றை விளிம்பு தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்து, அதை நோக்கி முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்பை நிறுத்துவது குழிப்பொறி. பார்வை மங்கிய மூஞ்சூறு தடுப்போரமாகவே ஓடிவந்து வாளிக்குள் விழும். இரண்டு மணிக்கு ஒருமுறை பார்த்து, வாளியில் புழுவும் உலர்ந்த இலையும் இட்டு, மழைநீர் வடியத் துளை வைத்தால் பெரும்பாலானவற்றை அளந்து, மரபணு ஆய்வுக்கு ஓர் இழை மயிர் எடுத்துத் திரும்ப விட்டுவிடலாம். தூக்கமிழக்கச் சில ஆராய்ச்சி மாணவர்களும் சில டசன் வாளிகளும் போதும். துறைமுகத்தின் செலவோடு ஒப்பிட்டால் இது கணக்கில் எழுதத் தக்க தொகைகூட அன்று.

வாளி மட்டுமே வழியன்று. தெற்கு அந்தமானில் அந்தமான் கூகை வாழ்கிறது. கூகைக் குடும்பப் பறவைகள் சிறு விலங்கை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அது அடையும் இடத்தின் கீழே கிடக்கும் உருண்டைகளைத் திரட்டிப் பிரித்தால், எந்த விலங்கையும் தொடாமலே அந்தச் சுற்றுவட்டாரத்தின் சிறு பாலூட்டிகளைப் பற்றிய ஓர் ஆவணம் கிடைக்கும். பாராடாங் முதலான இடங்களில் சுண்ணாம்புக் குகைகள் உள்ளன. அவற்றின் தரைமண் அலசப்பட வேண்டும். அந்தமான் பழங்குடியினர் பல நூற்றாண்டுகளாகச் சிப்பியும் எலும்பும் கொட்டிய மேடுகள் இருக்கின்றன. சௌல்தாரி மேட்டில் நடந்த அகழாய்வில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலக்கணிப்பு கிடைத்தது. அத்தகைய மேடுகளின் மண்ணை எர்டெம்டேயிலும் நாஸ்கலிலும் செய்தது போல நுண்சல்லடையில் அலசினால், எலி வருவதற்கு முன் இத்தீவுகளில் எத்தனை மூஞ்சூறுகள் இருந்தன என்ற கேள்விக்கும் விடை தேடத் தொடங்கலாம். பெயர் பெறாமலே மறைந்த இனம் ஒன்று அங்கே பல்லாகக் கிடக்கவும் கூடும்.

செய்ய வேண்டியவை மூன்று. தீவுகளில் காட்டைத் திருப்பும் எந்தத் திட்டத்துக்கும் முன்னதாக, ஈரப் பருவம் உலர் பருவம் இரண்டிலும் குழிப்பொறிக் கணக்கெடுப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒரே வாரத்தில் நடந்து பார்த்து எழுதிய பட்டியல் ஏற்கப்படக் கூடாது. அக்கணக்கெடுப்பைத் திட்டத்தை நடத்தும் அமைப்பிடமிருந்து ஊதியம் பெறாத ஆய்வாளர்கள் செய்து, முடிவை மரம் வெட்டுவதற்கு முன்பே பொதுவில் வெளியிட வேண்டும். துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலிலிருந்தும் எலி இறங்காமல் தடுக்கும் ஏற்பாடு இசைவின் நிபந்தனையாக வேண்டும். கிறிஸ்துமஸ் தீவில் கோடரியினும் விரைந்து கொன்றது எலியும் அதன் நோயுமே.

இக்கோரிக்கை தில்லியை மட்டும் நோக்கியதன்று. அந்தமான் நிக்கோபாரில் தமிழ் நெடுங்காலமாக ஒலிக்கும் மொழி. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் குடியேறினர்; பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் பேயில் 1969 முதல் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. தோட்டத்தில் பூனை கவ்விவந்து போட்ட நீள்மூக்கு எலி ஒன்றைக் குப்பையில் எறியாமல் சாராயத்தில் இட்டு வைத்து வனத்துறைக்குச் சொன்னால், அது ஒரு நூற்றாண்டு ஆவணத்தில் சேரும் புதிய வரியாக அமையக்கூடும். கல்லூரி மாணவர் ஒருவர் கூகையின் மரத்தடியில் திரட்டும் ஒரு பை உருண்டையும் அப்படியே.

மூஞ்சூற்று அகழெலிகள் ஐரோப்பாவில் அழிந்தபோது அதைத் தடுக்கவோ எழுதிவைக்கவோ எவரும் இல்லை. காலநிலை மாறியது, காடு மாறியது, அவை மறைந்தன. பெரிய நிக்கோபாரில் அப்படியொரு சமாதானம் கூற இடமில்லை. அங்கே வெட்டப்படும் காட்டுக்கு வரைபடம் உண்டு, கோப்பு எண் உண்டு, கையெழுத்து உண்டு. அக்கோப்பில் மூஞ்சூற்றைத் தேடிய நாட்களின் கணக்கும் இருக்க வேண்டும். முதல் மரம் வீழ்வதற்கு முன் முதல் வாளி புதைக்கப்படட்டும்.